குருவித் தட்டும் பலாப்பிசினும்

பறவைகளுக்குச் சோறு வைக்கிற தட்டில், பறவை பிடிக்கிற பிசினைத் தடவியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரியவந்து, இவ்வளவு பெரிய மடையன் சொல்வதையா இத்தனை நேரம் கேட்டோம் என்று யாரும் வருத்தப்படக் கூடாது. நான் தடவியது அணிலுக்காக. அந்த அணில் கடைசிவரை ஒட்டவே இல்லை. அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதில் எல்லாரும் கொஞ்சம் முட்டாளாகத்தான் இருப்பார்கள் என்று எனக்கு ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் என் வகுப்பில் படித்த மற்ற பிள்ளைகளைப் பார்த்ததில்லை.

எங்கள் வீடு ஈப்போவில், சிலிபின் பக்கம். ஒரே முகம் கொண்ட இருபது வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. அப்பா சிமெண்டு லோரி ஓட்டினார். அம்மாவுக்கு ஓர் அலுவலகத்தில் மதியம் மூன்று மணிவரை துப்புரவு வேலை. எங்களோடு அத்தையும் இருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. ரப்பர்த் தோட்டத்தை விற்று லயன் வீடுகளை இடித்தபோது, இரண்டு தகரப் பெட்டிகளோடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் அப்பாவுடன் ஈப்போவுக்கு வந்தவர். கையுறை செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வயது முப்பத்து நான்கு. கல்யாண வயதைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்ட பஸ் என்று சொந்தக்காரர்கள் அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அத்தை அதைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுப்பார்.

குருவித் தட்டு அத்தையுடையது. சமையலறைக் கதவைத் திறந்தால் நாலு எட்டு சிமெண்டுத் தரை, அதற்கப்பால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அந்த மண்ணில் அத்தை ஒரு வேலிக்கட்டையை நட்டு, அதன் தலையில் பிஸ்கட் டின் மூடி ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். மூடியில் பழைய சோறு, பப்பாளித் துண்டு, சம்பளம் வந்த வாரத்தில் கொஞ்சம் கம்பு. மைனா வரும், சிட்டு வரும், கொண்டைக்குருவி ஜோடியாக வரும். காக்கைக்கு அங்கே வேலை இல்லை. காக்கை அம்மாவின் இலாகா. சனிக்கிழமை தோறும் மதில்மேல் அம்மா எள்ளுச்சோறு வைப்பார். தின்றுவிட்டு மரியாதையாகப் போய்விடும்.

இரவு வேலை முடிந்த காலைகளில் அத்தை ஏழரைக்கு வருவார். கண் சிவந்திருக்கும், காதோரம் கையுறை மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். குளிக்கக்கூடப் போகாமல் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். குருவிகள் தின்பதைப் பார்ப்பார். அந்த அரைமணி நேரம் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அம்மாகூட அரிசி எங்கே என்று கேட்காமல் தானே தேடிக்கொள்வார்.

அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே பிராணி அணில்.

பக்கத்து வீட்டு மாமரத்தில் அதற்கு வீடு. வயிறு செங்கல் நிறம், வால் உடம்பைவிடப் பெரியது. குருவிகள் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் வரும். தட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் தின்னும். குருவிகள் துணிக்கொடியில் வரிசையாக உட்கார்ந்து, ரேஷன் கடை முன்னால் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும்.

விரட்டினால் பாவமாயிற்றே என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அம்மா அதைத் தீர்த்துவைத்தார்.

"இது சாமி தடவிக்குடுத்த அணிலு இல்லடா. அந்த அணிலுக்கு முதுகுல மூணு கோடு இருக்கும். இதுக்கு இருக்கா பாரு. வெரட்டு, பாவம் ஒட்டாது."

அத்தை ஒருநாள், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "அது ஒண்ணே ஒண்ணு வராம இருந்தாப் போதும்லா. குருவிங்க நிம்மதியாத் தின்னுட்டுப் போவும்."

"நான் பாத்துக்கறேன் அத்தே."

"நீயா? நிப்பாட்டிட்டன்னா பேட்மிண்டன் ரேக்கெட்டு வாங்கித் தாரேன் போ."

அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் அந்த நிமிடமே பின்கட்டின் பாதுகாப்பு அதிகாரியாகப் பதவியேற்றுக்கொண்டேன்.

முதல் யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவருக்கு ஹுத்தான் மெலிந்தாங்கில் தென்னந்தோப்பில் வேலை. தென்னைமரத்தில் எலியும் அணிலும் ஏறாமல் இருக்க மரத்தைச் சுற்றித் தகரம் அடிப்பார்களாம், ஏறினால் வழுக்கிவிடுமாம். நான் பால்மாவு டின் ஒன்றை வெட்டி, விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, கட்டையைச் சுற்றித் தகரம் அடித்தேன். மறுநாள் அணில் வந்தது. தகரத்தின் முன் நின்று தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தது. பிறகு மாமரத்துக்குத் திரும்பிப் போய், துணிக்கொடி மேல் நடந்து வந்து தட்டில் குதித்தது. தகரத்தை அது முகம் பார்க்கத்தான் பயன்படுத்திக்கொண்டது என்பது அத்தையின் கருத்து.

அப்படியானால் தவறு துணிக்கொடியில். அப்பாவின் லோரி கிரீஸை எடுத்துக் கொடி முழுக்கத் தடவினேன். அணில் வழுக்கித்தான் விழுந்தது. இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை விழுவதற்குள் அம்மா அந்தக் கொடியில் அப்பாவின் சட்டைகளைக் காயப்போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் ரோத்தான் பிரம்பு பரணிலிருந்து இறங்கியது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

அடுத்தது மிளகாய்த்தூள். சோற்றில் கலந்து வைத்தேன். குருவிகள் ஒன்றும் நடக்காததுபோல் தின்றன. பறவைகளுக்கு உறைப்பே தெரியாது என்பதைப் பிற்பாடு எங்கோ படித்தேன். அணில் ஒரு வாய் வைத்தது, தும்மியது, தட்டிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடியது. நான் வெற்றிக் களிப்பில் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அணிலைவிட அதிகமாகக் குதித்தது நான்தான். மூன்றாம் நாள் அதற்குப் பழகிவிட்டது. அம்மாவின் மீன்குழம்புச் சட்டியை வழித்துத் தின்று வளர்ந்த அணிலுக்கு மிளகாய் ஒரு பொருட்டா?

இப்படி நான் தோற்றுக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, சாப்பிடும்போது அப்பா தோட்டத்துக் கதை சொன்னார். அப்பாவுக்குக் கதை வந்தால் கை காயும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"நாங்கல்லாம் சின்னப் புள்ளையில நங்கா மரத்துப் பால எடுத்து, எண்ண ஊத்திக் காச்சி, குச்சியில தடவி மரத்துல வச்சிருவோம். வந்து ஒக்காந்துச்சி, அவ்ளோதான். கால எடுக்க முடியாது."

"அத ஏன்ண்ணே இவங்கிட்ட சொல்றீங்க?" என்றார் அத்தை. என்னை அந்த வீட்டில் சரியாகப் புரிந்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

நங்கா என்றால் பலா. அப்பா சொன்ன கதை குருவி பிடிக்கிற கதை. உட்கார்ந்தது குருவி, காலை எடுக்க முடியாமல் தவித்தது குருவி, சுட்டுத் தின்னப்பட்டதும் குருவி. எல்லாவற்றையும் நான் கேட்டேன். கேட்டுவிட்டு, காலை எடுக்க முடியாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டேன். பின்சந்தில் ஒரு பலாமரம் இருந்தது. ரப்பர்ப் பால்வெட்டுக் காலத்து மங்கு ஒன்றில் அப்பா ஆணி போட்டு வைத்திருந்தார். ஆணியைக் கொட்டிவிட்டு அந்தக் கிண்ணத்தில் பால் பிடித்தேன். அம்மா இல்லாத மதியத்தில் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சினேன். தேன் பாகு மாதிரி வந்தது. தொட்டுப் பார்த்தேன். அன்று முழுக்க இரண்டு விரல்கள் பிரியவில்லை. தரம் திருப்தியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு ஊர் பாரிட் புந்தார். வயலில் ஓடும் நெல்லறுப்பு இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. முப்பத்தெட்டு வயது, முதல் கல்யாணம், முன்னந்தலையில் முடி குறைவு. அப்பா அம்மா இல்லாதவர், எல்லாம் அக்காதான். இவ்வளவும் வீட்டில் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் பேசப்பட்டதால் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்தது. இது தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டேன். அத்தை என்ன நினைத்தார் என்பதை யாரும் கேட்டதாக நினைவில்லை. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களையும் அத்தையே வேண்டாமென்று தலையாட்டி அனுப்பியிருந்தார். அதனால் இந்த முறை யாரும் கேட்கத் துணியவில்லை.

அன்று காலை வீடு முழுக்க வேலை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பின்பக்கம் போகவே அம்மா விடவில்லை, முகம் கருத்துவிடுமாம். அணிலைப் பிடித்து அத்தைக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட இதைவிட நல்ல நாள் எது? தட்டின் விளிம்பு முழுக்கப் பிசினைத் தடவினேன். நடுவில் ஈர்ப்புக்கு, விருந்தாளிகளுக்குச் சுட்டு வைத்திருந்த உளுந்துவடை ஒன்று. வடையை வைத்தால் எது வரும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் அப்போது நான்காம் வகுப்பு.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, அக்காவின் கணவர். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலின் மேல் வைத்திருந்தார். எவ்வளவு தேய்த்தும் நகத்தோரம் கறுப்பு போகாத கை. அத்தை தேத்தண்ணி கொண்டுவந்தார். பெரியவர்கள் விலைவாசி பேசினார்கள். அப்புறம் அம்மாவுக்குத் திடீரென்று நவநாகரிகம் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் பேசிக்கட்டுமே. பின்னால காத்தாட நாக்காலி போட்டிருக்கு" என்றார்.

எங்கள் வீட்டில் காற்று வருகிற இடம் அது ஒன்றுதான்.

நான் சமையலறைக்கு ஓடி, சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே கண்ணை வைத்தேன். அவர்களை வேவு பார்க்க அல்ல, அணில் ஒட்டிவிட்டதா என்று பார்க்க. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் காக்கை இறங்கியது. வடையை எடுத்தது. பறக்கப் பார்த்தது. முடியவில்லை. சிறகை அடித்தது, சிறகும் ஒட்டியது. பிறகு கத்தியது பாருங்கள், அப்படி ஒரு கத்தல்.

ஒரு காக்கை மாட்டிக்கொண்டால் சிலிபினில் உள்ள எல்லாக் காக்கைக்கும் சேதி போய்விடும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். மின்கம்பியில், தகரக் கூரையில், மாமரத்தில் எல்லாம் கறுப்பு. மாப்பிள்ளை எழுந்து தட்டுப் பக்கம் போனார். ஒரு காக்கை சாய்ந்து வந்து அவர் முன்னந்தலையில் டக்கென்று தட்டியது. அவர் தலையைத் தடவிக்கொண்டு இன்னும் ஓரடி வைத்தார். இன்னொன்று வந்து தட்டியது. சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அக்கா கதவைத் திறந்தது சரியாக அந்த இரண்டாவது தட்டுக்கு.

காக்கை தலையில் தட்டினால் சனி பிடித்தது என்று பொருள். பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளையின் தலையில், இரண்டு முறை தட்டினால் அதன் பொருளுக்கு அளவே இல்லை.

"டேய், உள்ள வாடா" என்றார் அந்த அக்கா, ஏழு வயதுப் பையனைக் கூப்பிடுவதுபோல்.

"இரு அக்கா. இது பாவம் ஒட்டிக்கிச்சு." மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் அத்தையிடம் கேட்டார். "வீட்டுல சமைக்கிற எண்ண இருந்தாக் கொஞ்சம் குடுங்களேன். ஒரு பழைய துணியும்."

அத்தை உள்ளே வந்தார். பட்டுப்புடவையோடு என்னைத் தாண்டிப் போய் அடுப்படியிலிருந்து எண்ணெய் போத்தலை எடுத்தார். போகிற வழியில் கதவோரம் மாட்டியிருந்த குடையையும் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு பதினைந்து நிமிடம் நடந்ததை நான் முழுக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, காக்கையைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பிரித்தார். சின்னத் திருகாணியைக் கழற்றுகிறவர்போல் அவ்வளவு பொறுமை. மேலே காக்கைகள் பாய்ந்து பாய்ந்து வந்தன. அத்தை இருவருக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல வெயில், பட்டுப்புடவை, குடைமேல் டொக் டொக்கென்று அலகுகள். அவர் ஏதோ சொன்னார். அத்தை ஏதோ சொன்னார். காக்கைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல, அத்தை வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார். அத்தைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் எண்ணெயும் எச்சமும் அப்பியிருந்ததைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

உள்ளே கூடத்தில் வேறு பேச்சு.

"காக்கா தட்டுனா குளிச்சிட்டாப் போச்சுக்கா. கோயில்ல ஒரு வெளக்கு போட்டுட்டாத் தீந்துச்சு" என்றார் அப்பா. அவர் குரல் கெஞ்சியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"நல்ல காரியம் பேசற எடத்துல சனி வந்து தட்டிட்டுப் போவுது. ரெண்டு தடவ. நான் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் நான் என்னாத்தண்ணே சொல்ல? இருக்கறது ஒரே தம்பி" என்றார் அந்த அக்கா. அவர் மேலும் தப்பில்லை. கண்கள் கலங்கியிருந்தன. கேசரியைத் தொடவில்லை.

அவர்கள் கிளம்பும்போது மாப்பிள்ளை கூடத்தில் ஒரு நிமிடம் நின்றார். கையெல்லாம் எண்ணெய் என்பதால் யாரையும் கும்பிடவில்லை. அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனார். மூன்றாம் நாள் தரகர் மூலம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள்.

நான் அகப்பட்டுக்கொண்டது அன்று மாலையே. மங்கில் மிச்சப் பிசின் இருந்தது, என் விரலிலும் இருந்தது. அப்பா ரோத்தானோடு வந்தார். அத்தை நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்து, "நீயாடா தடவுன?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "வுடுங்கண்ணே. நான்தான் அவன அணில வெரட்டச் சொன்னேன்" என்றார். சிறகில் எண்ணெய் ஊறிப் பறக்க முடியாமல் கிடந்த காக்கையைத் துணிக்கூடையில் மூடி, சோறு தண்ணி வைத்தார். அது இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை, தரகர் வந்துபோன அதே நாள், கூடையைத் திறந்ததும் மதில்மேல் தாவி, எங்களை ஒருமுறை கேவலமாகப் பார்த்துவிட்டு, பறந்துபோய்விட்டது. வாலில் மூன்று இறகு குறைவு. அத்தையும் நானும் சேர்ந்து நின்று பார்த்தோம்.

அடுத்த சில நாட்கள் அத்தையிடம் ஒரு மாற்றம். இரவு வேலை முடிந்து வந்து அசந்து தூங்குகிறவர், கூடத்தில் தொலைபேசி அடித்தால் யாருக்கும் முன்னால் எழுந்து வருவார். பேசிவிட்டு, "உங்களுக்குத்தான் அண்ணி" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுப்பார். தொழிற்சாலையில் கூடுதல் வேலைக்குக் கூப்பிடுவார்களோ என்று பார்க்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன். அவராக யாருக்கும் போன் போடவில்லை. பெண் வீட்டிலிருந்து, அதுவும் பெண்ணே, போன் போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

இவ்வளவும் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒவ்வொரு தீபாவளிக்கும், சாப்பாடு முடிந்து கால் நீட்டி உட்கார்ந்ததும், "டேய் சனி, காக்கா கதையச் சொல்லு" என்பார்கள். சனி என்பது அதிலிருந்து எனக்கு வந்த பட்டம். நான் எழுந்து நின்று, கையை விரித்துக் காக்கையாகப் பாய்ந்து, மாப்பிள்ளையாகத் தலையைத் தடவி, அக்காவாகக் கண்ணைக் கசக்கி நடித்துக் காட்டுவேன். வருடா வருடம் காக்கைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். அத்தை சமையலறையில் இருப்பார், அல்லது பலகாரத் தட்டோடு வந்து போவார். அதன்பிறகு அவரைப் பெண் பார்க்க அதிகம் யாரும் வரவில்லை. வந்த ஓரிருவரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது அவருக்கு என்ன வயதோ, அதே வயது இப்போது எனக்கு.

போன தீபாவளிக்குப் புதுச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கதை நன்றாக எடுபட்டது. கைதட்டல் கொஞ்சம் நீளமாகக் கிடைத்துவிட்டால் கோமாளிக்கு ஆசை அடங்குமா? இதுவரை யாருக்கும் சொல்லாத ஒரு துண்டு மிச்சம் இருந்தது. மறைக்க வேண்டும் என்று மறைத்ததில்லை. நான் ரகசியமாகச் செய்த ஒரு நல்ல காரியம் என்று சின்ன வயதில் உள்ளே வைத்தது, அப்படியே கிடந்துவிட்டது. அதையும் எடுத்து விட்டேன்.

அவர்கள் வந்துபோய்ப் பத்துப் பதினோரு நாள் இருக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அத்தை இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. அன்று ஒரு நாள்தான் அவர் எழவில்லை. நான் எடுத்தேன்.

"தம்பியா? நான் பாரிட் புந்தார்லேர்ந்து பேசறேன். அன்னிக்கு வந்திருந்தேன்ல." பின்னால் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் காக்கா எப்படி இருக்கு?"

என் மூளை அன்று எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். இந்த மனிதன் தலையில் இரண்டு தட்டு வாங்கியவன். அந்தக் காக்கையால் கல்யாணம் நின்றுபோனவன். இவ்வளவு தூரத்திலிருந்து போன் போட்டு விசாரிக்கிறான் என்றால், இன்னும் கோபம் தீரவில்லை. வந்து ஏதாவது செய்துவிடுவான். காக்கையைக் காப்பாற்ற வேண்டும்.

"அது செத்துருச்சு அங்கிள்" என்றேன்.

"எப்ப?"

"அன்னிக்கே."

"வீட்டுல அத்த..." என்று ஆரம்பித்தார். பிறகு, "சரி தம்பி. ஒண்ணுமில்ல. வச்சிடறேன்" என்றார்.

அறையிலிருந்து தூக்கக் குரலில் அத்தை, "யாருடா போன்ல?" என்று கேட்டார். "தப்பான நம்பரு அத்தே" என்றேன். மறுபடி கார்ட்டூனுக்கு வந்து உட்கார்ந்தபோது, ஓர் உயிரைக் காப்பாற்றிய கர்வம் எனக்கு மார்பு முழுக்க இருந்தது.

பிசின் விஷயத்தில் என் முட்டாள்தனம் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இது அப்படியில்லை. மண்டியிட்டு ஒவ்வொரு விரலாக எண்ணெய் போட்டுப் பிரித்துவிட்டவருக்கு அந்தக் காக்கைமேல் என்ன கோபம் இருந்திருக்க முடியும்? காக்கையைப் பற்றிக் கேட்க மட்டும் ஒரு மனிதர் வேலையை நிறுத்திவிட்டுப் போன் போடுவாரா? பத்து வயதுக்காரனுக்கு இது புரியவில்லை, அதை மன்னித்துவிடலாம். நானோ கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, போன தீபாவளியன்று கூடத்தின் நடுவில் நின்று காதில் கையை வைத்துப் போன் பேசுவதுபோல் நடித்துக் காட்டுகிற அந்த நிமிடம்வரை இதை யோசித்ததில்லை.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு என் தலைக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். சமையலறை வாசலில் முறுக்குத் தட்டோடு அத்தை நின்றிருந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். தட்டை மேசைமேல் வைத்தார். ஈரமில்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன அத்தே?" என்றேன், இன்னும் சிரித்த முகத்தோடு.

"பொழச்சிருச்சேடா அது" என்றார்.